பழைய வண்டிக்கு முதல் செலவு எது?

பெங்களூரில் தமிழர்கள் அதிகமாகக் குடியிருக்கும் பகுதிகளில் அடிக்கடி ஒரு காட்சியைக் காணலாம். மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே, கிழிந்த தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். இரண்டு டயரும் காற்று இறங்கித் தரையோடு ஒட்டிக் கிடக்கும். சீட்டின் மேல் பூனை படுத்திருக்கும். தார்ப்பாயை விலக்கினால் டாங்கின் பக்கத்தில் ஜாவா என்றோ யெஸ்டி என்றோ எழுத்து தெரியும்.

அந்த வண்டி அந்த வீட்டுக்குச் சும்மா வந்துவிடவில்லை. ஆலையிலோ ரெயில்வேயிலோ வேலை பார்த்த ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்து வாங்கியது. மனைவியைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனதும், பிள்ளையை டாங்கின் மேல் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அதில்தான். அதை எடைக்குப் போட மனம் வருமா? வராது. ஓட்ட முடிகிறதா என்றால் அதுவும் இல்லை. எனவே 20 ஆண்டு, 25 ஆண்டு என்று மாடிப்படிக்கு அடியிலேயே நின்றுவிடுகிறது.

இப்போது பிள்ளைகளுக்குத் திடீரென்று ஆசை வந்திருக்கிறது. அப்பாவின் வண்டியை மீண்டும் ஓட்ட வேண்டும். ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடி ஊர்வலமாகப் போவதைப் பார்த்ததும் ஆசை இரட்டிப்பாகிறது. இந்த ஆசையில் தவறு எதுவும் இல்லை. பணம் செலவாகும் வரிசைதான் தவறாக இருக்கிறது.

அல்சூர் பக்கம் ஒரு குமாஸ்தாவின் கதையைக் கேட்டால் இது விளங்கும். தந்தை வேலூரில் 1972-ம் ஆண்டு வாங்கிய ஜாவா. தந்தை காலமான பிறகு, மகன் அதை லாரியில் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார். போனஸ் பணம் கையில் இருந்தது. முதல் வேலையாக டாங்கையும் மட்கார்டையும் கழற்றிப் பெயிண்டுக்குக் கொடுத்தார். டாங்கின் பக்கவாட்டுக்கும், ரிம்முக்கும், இரட்டைச் சைலன்சருக்கும் குரோமியம் முலாம். புதிய சீட்டு உறை. புதிய டயர். போனஸ் தீர்ந்தது, கையிருப்பும் கரைந்தது. வண்டி கல்யாண மாப்பிள்ளை போல நின்றது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள், படம் பிடித்துக்கொண்டார்கள்.

உதைத்தார். புறப்பட்டது. சந்து முழுவதும் வெள்ளைப் புகை. மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் பழைய மெட்ராஸ் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது என்ஜின் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் பூட்டுப் போட்டதுபோல நின்று வண்டி வழுக்கியது. பின்னால் பஸ் வரவில்லை என்பது அவருடைய குடும்பத்தின் அதிர்ஷ்டம்.

சிவாஜிநகரில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனார். அவர் சைலன்சர் பக்கம் விரலை விட்டுப் பார்த்து, கியர் எண்ணெயின் அளவைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "சார், உள்ளே சீல் மாத்தினீங்களா?"

"இல்லையே பாய். பெயிண்டு, குரோமியம் எல்லாம் முடிச்சாச்சு."

"பிணத்துக்குப் பட்டுச் சட்டை போட்டுட்டீங்க சார்."

வார்த்தை கடுமைதான். ஆனால் பாய் சொன்னதில் பிழை இல்லை.

சீல் ஏன் இவ்வளவு முக்கியம்?

இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான வண்டிகள் நாலு ஸ்ட்ரோக். அவற்றில் எண்ணெய் என்ஜினுக்கு அடியில் தனியாக நிற்கும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. பெட்ரோலும் எண்ணெயும் கலந்த ஆவி முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறைக்குள் போகும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்த அறை பம்பு போல வேலை செய்து, ஆவியை மேலே தள்ளும். பம்பு என்றால் காற்று புகக்கூடாது அல்லவா? அதற்காகக் கிராங்கின் இரண்டு முனையிலும் வளையம் போன்ற ரப்பர் சீல் இருக்கிறது. 25 ஆண்டு நின்ற வண்டியில் அந்த ரப்பர் காய்ந்து அப்பளமாகி இருக்கும்.

டைனமோ பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிடும். பெட்ரோலோடு வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கு மசகு, அதுவும் குறையும். சூடு ஏறும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அந்தக் குமாஸ்தாவுக்கு நடந்தது இதுதான். கிளட்ச் இருக்கும் பக்கத்துச் சீல் போனால் வேறு வகைத் தொல்லை. கியர் எண்ணெய் கிராங்க் அறைக்குள் உறிஞ்சப்பட்டு எரியும். தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகியிருக்காது. ஆனால் எண்ணெய் குறைந்துகொண்டே போகும். வெள்ளைப் புகை நிற்காது. அவருடைய வண்டியில் இரண்டு சீலும் போயிருந்தன.

இந்தச் சீலின் விலை, குரோமியம் போட்ட கூலியில் சிறு பங்குகூட வராது. மைசூர் தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டுவிட்டதே, சாமான் எங்கே கிடைக்கும் என்று பலர் மலைக்கிறார்கள். சீலுக்கும் பேரிங்குக்கும் மைசூர் போக வேண்டியதில்லை. பேரிங்கின் மேல் எண் பொறித்திருக்கும். சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்று மூன்று அளவு. அந்த எண்ணையும் அளவையும் சீட்டில் எழுதிக்கொண்டு ஜே.சி. ரோடில் நல்ல பேரிங் கடையில் கேட்டால் போதும். எந்த வண்டிக்கு என்று சொல்லக்கூட வேண்டாம். மற்ற உதிரி பாகங்களைச் சிறு பட்டறைக்காரர்கள் செய்து விற்கிறார்கள். சில நன்றாக இருக்கின்றன, சில இரண்டு மாதம் தாங்குவதில்லை. ஆகவே பழைய சாமான் எதையும், உடைந்திருந்தாலும், புதியது பொருந்தி ஓடும்வரை தூக்கி எறியக்கூடாது. பழைய ஜிகோவ் கார்புரேட்டரைக் கழுவிப் பார்க்காமலே குஜிரிக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அதையே தேடி அலைந்தவர்கள் உண்டு.

வீட்டில் எது, பட்டறையில் எது?

வீட்டிலேயே வண்டியைப் பிரித்துக் கட்டலாம் என்பது உண்மை. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் வால்வு இல்லை, கேம் இல்லை. நாலு நட்டைக் கழற்றினால் தலை கையோடு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தால், கறிக்குழம்பு கொதித்து இறங்குவதற்குள் சிலிண்டரைத் தூக்கிவிடலாம். கழற்றிய நட்டையும் வாஷரையும் பழைய மருந்து டப்பாக்களில் தனித்தனியே போட்டு, மேலே பெயர் எழுதிவைப்பது குமாஸ்தாக்களுக்குச் சொல்லித்தர வேண்டிய பழக்கம் அல்ல. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சிலிண்டரைத் தூக்கியவுடன் செய்ய வேண்டியது ஒன்று. கீழே தெரியும் கிராங்க் அறையின் வாயில் சுத்தமான துணியை அடைக்க வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சின்னக் கம்பிப் பூட்டு உள்ளே விழுந்தால் என்ஜினை முழுவதும் பிரிக்க வேண்டியதாகிவிடும். அந்தப் பூட்டைக் கழற்றினால் பழையதை மீண்டும் போடக்கூடாது; புதியதுதான் போட வேண்டும். ரிங் மாட்டும்போது இன்னொரு கவனம் தேவை. டூ ஸ்ட்ரோக் பிஸ்டனின் பள்ளத்தில் ஒரு சிறு ஊசி முளைத்திருக்கும். ரிங்கின் வாய் அந்த ஊசியில்தான் உட்கார வேண்டும். தவறி உட்கார்ந்தால், ரிங்கின் முனை சிலிண்டரில் உள்ள துவாரத்தில் மாட்டி ஒடியும்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் அதை லேத் பட்டறையில் 0.25 மில்லிமீட்டர், 0.50 மில்லிமீட்டர் என்று படிப்படியாக அகலப்படுத்தி, அந்த அளவுக்கு ஏற்ற பிஸ்டன் போடுவார்கள். பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் சிலிண்டரைக் கடையச் சொல்ல வேண்டும். முதலில் கடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடினால், அந்த அளவு கிடைக்காமல் திண்டாட நேரும். கிராங்கைப் பற்றி விவாதமே வேண்டாம். அது பல துண்டுகளை அழுத்திப் பொருத்திய சாமான். கனெக்டிங் ராடு ஆடினால், அதைப் பிரிக்க அழுத்தும் இயந்திரமும், நேர் பார்க்க டயல் மானியும் வேண்டும். வீட்டு வாசலில் சுத்தியால் தட்டிச் சரிசெய்கிறேன் என்று இறங்கியவர்கள் நல்ல கிராங்கைக் கெடுத்ததுதான் மிச்சம்.

சைலன்சரில் அடைத்திருக்கும் கரியை எடுக்காவிட்டால் புதுப் பிஸ்டன் போட்டும் வண்டி இழுக்காது. காஸ்டிக் சோடாக் கரைசலில் உள்குழாயை ஊற வைத்துக் கழுவுவது பழைய வழக்கம். இரும்புக்கு அது சரி. அலுமினியத்தை அதில் போட்டால் அரித்துத் தின்றுவிடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்தக் கரைசலைத் தொடக்கூடாது. சிறுபிள்ளைகள் ஓடியாடும் வாசலில் அந்த வாளியை வைக்கவே கூடாது. பெட்ரோல் டாங்கில் ஓட்டை இருந்தால் அதைப் பக்கத்து வெல்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் ஆபத்து. காலி டாங்க் என்பது பேச்சுக்குத்தான் காலி. உள்ளே இருக்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும். பலமுறை கழுவி, ஆவி போக்கி, அந்த வேலையே செய்கிறவரிடம் கொடுப்பதுதான் உயிருக்கு நல்லது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலும் மாறிவிட்டது. 2025-ம் ஆண்டிலிருந்து நாடு முழுவதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் கார்க் வாஷரையும் கெடுக்கும். கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்துக் காட்டுவதால் பழைய கார்புரேட்டரில் என்ஜின் கொஞ்சம் சூடாகவே ஓடும். ஜெட்டை ஒரு அளவு கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி எண்ணெய் என்பது பழைய ஜாவாக்காரர்களுக்கு மனப்பாடமான கணக்கு. எண்ணெய் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டாங்கில் விட்டுவைக்கக்கூடாது. வாரம் ஒருமுறை எடுக்கும் வண்டி என்றால், குழாயை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துவது நல்லது.

புகையைப் பற்றி

டூ ஸ்ட்ரோக்கை விரும்புகிறவர்கள் இந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கிறார்கள். ஆனால் பேசித்தான் ஆக வேண்டும். இந்த என்ஜினில் புதிதாக வரும் பெட்ரோல் ஆவியில் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். அது அதன் பிறவிக் குணம். எந்த மெக்கானிக்காலும் முழுவதும் மாற்ற முடியாது. புகைக் கட்டுப்பாடு இறுகிய பிறகு டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் விற்பனையிலிருந்து மறைந்ததற்குக் காரணமும் அதுதான்.

2000-ம் ஆண்டு மார்ச் 31-க்கு முன் தயாரான இரு சக்கர வண்டிகளுக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரையிலும், ஹைட்ரோகார்பன் 10 லட்சத்தில் 9,000 பங்கு வரையிலும் அனுமதி இருக்கிறது. நல்ல சீல், நல்ல ரிங், அளவான எண்ணெய் இருந்தால் பழைய ஜாவா இதற்குள் வந்துவிடும். எண்ணெயை "கூட இருக்கட்டுமே" என்று கைப்போக்காக ஊற்றுகிறவர்களின் வண்டிதான் சந்தையே மறைக்கும் அளவுக்குப் புகைகிறது. மாடிவீட்டுக் கிழவர் இருமினால் அது அவருடைய குற்றம் அல்ல. தினமும் அலுவலகத்துக்குப் போகவர இந்த வண்டிதான் என்று ஒருவர் திட்டம் போட்டால் அதைத் தடுப்பதே நல்லது. டிராபிக்கில் நின்று நின்று போகும் ஓட்டம் இந்த என்ஜினுக்கும் ஆகாது, ஊருக்கும் ஆகாது. ஞாயிறு காலையில் ஒரு சுற்று என்றால் யாருக்கும் தொல்லை இல்லை.

எல்லாவற்றுக்கும் முன் காகிதம்

உண்மையில் சீலுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். பெங்களூர்த் தமிழர்களுக்கு இது இரட்டைத் தலைவலி. ஏனென்றால் பல வண்டிகள் ஊரில் பதிவானவை.

வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் இங்கே புதிய எண் வாங்க வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. அதற்குப் பழைய ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். தந்தை காலமாகியிருந்தால், 30 நாளுக்குள் தகவல் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31-ம் எண் பாரத்தில் பெயர் மாற்றத்துக்கு மனு கொடுக்க வேண்டும் என்பது விதி. எத்தனை வீட்டில் அந்தத் துக்க நேரத்தில் இது நினைவுக்கு வருகிறது? காலம் தாண்டிவிட்டாலும் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இல்லாமல் வேலை நடக்காது. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். குரோமியம் போட்டு வண்டியின் மதிப்பு ஏறிய பிறகு அந்தக் கையெழுத்தைக் கேட்பதைவிட, துருப்பிடித்துக் கிடக்கும்போதே கேட்பது சுலபம் என்பது அனுபவப்பட்டவர்கள் சொல்லும் யோசனை.

இன்னொரு முடிச்சு பழைய கடன். தந்தை கடனைக் கட்டி முடித்திருப்பார், ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் சங்கத்தின் பெயரோ, வங்கியின் பெயரோ அடிக்கப்படாமலே இருக்கும். கடன் கொடுத்தவரின் கையெழுத்தோடு 35-ம் எண் பாரம் கொடுத்தால்தான் அது நீங்கும். அந்தச் சங்கம் கலைக்கப்பட்டிருந்தால், வங்கி வேறொன்றோடு இணைக்கப்பட்டிருந்தால், யாரிடம் போய்க் கேட்பது என்று அலைய வேண்டியதுதான். கையால் எழுதிய பழைய புத்தகத்தின் விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

15 ஆண்டு முடிந்த வண்டியின் பதிவைச் சோதனைக்குக் காட்டி ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். இரு சக்கர வண்டிக்கு இதற்கான கட்டணம் 300 ரூபாயாக இருந்தது. 2022-ம் ஆண்டு ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பசுமை வரி தனி. கட்டணத்தை ஏற்றுகிறவர்கள், ஏழு கோட்டையும் கடந்து வந்து மனு கொடுக்கும் சாதாரண ஊழியருக்கு வேலை ஒரே நாளில் முடியும்படி செய்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். கட்டணம் மட்டும் ஏறுகிறது.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-ம் ஆண்டு தனி விதி வந்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். இதைக் கேள்விப்பட்ட புரோக்கர்கள், "உங்க ஜாவா 50 வருஷத்தைத் தாண்டிடுச்சு, இருபதாயிரம் கட்டியே ஆகணும்" என்று பயமுறுத்துவது உண்டு. அந்த விதி, வண்டியைக் காட்சிக்கும் அணிவகுப்புக்கும் வைத்திருக்கிறவர்களுக்கான ஏற்பாடு. அதில் பதிவு செய்தால் சாதாரணமாகச் சாலையில் ஓட்டித் திரியவே முடியாது. காய்கறி வாங்கப் போகிற குமாஸ்தாவுக்கு அது எதற்கு?

குஜிரியில் மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு என்ஜினை வாங்கி மாட்டுவதும் வம்பு. என்ஜின் எண்ணும் சேஸ் எண்ணும் புத்தகத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். அந்த என்ஜின் திருட்டு வண்டியினுடையது என்று தெரியவந்தால், அப்பாவின் நினைவுக்காக ஆரம்பித்த வேலை போலீஸ் நிலையத்தில் போய் நிற்கும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: காகிதம் சரியாகிறதா என்று முதலில் விசாரிப்பது. பிறகு சீல், பேரிங், பிஸ்டன். அதன் பிறகு பிரேக், ஒயர், டயர். கடைசியாகப் பெயிண்டு. குரோமியத்தை அடுத்த ஆண்டு போனசுக்குத் தள்ளிப்போட்டால் வண்டி கோபித்துக்கொள்ளாது. எக்காரணத்தைக் கொண்டும் வட்டிக்கு வாங்கி இந்த வேலையில் இறங்கக்கூடாது. சம்பளத்தில் மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று வீட்டுக்காரம்மாவின் முன்னால் ஒரு நோட்டில் எழுதிவிட்டு ஆரம்பித்தால், இரண்டு ஆண்டு ஆனாலும் வீட்டில் சண்டை வராது.

அல்சூர்க் குமாஸ்தாவும் இப்போது இந்த வழிக்கு வந்திருக்கிறார். பளபளக்கும் டாங்கைப் போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். சிலிண்டர் 0.50 அளவுக்குக் கடைந்து வந்துவிட்டது. கிராங்க் லேத் பட்டறையில் இருக்கிறது. வேலூரிலிருந்து சான்று வரவேண்டும்; தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டாள், தம்பி பொங்கலுக்கு வரும்போது போடுவதாகச் சொல்லியிருக்கிறான். கியர் லீவரை உள்ளே அழுத்தி மேலே தூக்கினால் அதுவே கிக்கராக மாறும் வித்தையை, இன்னும் என்ஜினே இல்லாத வண்டியில் மகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.